ஆறு பாட்டும் இடையில் ஒரு குரலும்

“…இல்லை, உந்த ஓட்டம் சரியில்லை, இறங்கு பிள்ளை. பேயைப் பேயாக் கேக்க வேணுமெண்டால் ஆறுதலா மிதிக்க வேணும்” என்று ஆசையம்மா சொன்னபோது நான் சைக்கிளின் மேல் இருந்தேன். சைக்கிள் எங்கேயும் போய்க்கொண்டிருக்கவில்லை. பின்சில்லு தரையில் படாதபடி ஸ்டாண்டில் நின்றது. முற்றத்தில் முப்பது நாற்பது பேர். எல்லாருடைய கண்ணும் என் காலில். ஆசையம்மா என்றால் அம்மாவின் கடைசித் தங்கை. அவள் அதை எவ்வளவு அமைதியாகச் சொன்னாள் என்பது இன்றைக்கும் காதில் இருக்கிறது. ஏன் சொன்னாள் என்பதை அறியத்தான் எனக்குப் பல வருசம் எடுத்தது. ஆகையால் கொஞ்சம் பின்னுக்குப் போய்த்தான் இதைச் சொல்ல வேண்டும்.

போர் நடந்த அந்தக் காலத்தில் எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் மின்கம்பங்கள் இருந்தன, கம்பிகளும் இருந்தன, கம்பிக்குள் ஒன்றும் இருக்கவில்லை. பற்றரி வடக்குக்கு வர அரசாங்கம் தடை போட்டிருந்தது. பாட்டுக் கேட்க ஆசைப்பட்டவர்கள் சைக்கிள் டைனமோவிலிருந்து இரண்டு வயரை இழுத்து ரேப் றெக்கோடரில் கொழுவுவார்கள். ஒருவர் மிதிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். மிதிப்பவர் களைத்தால் பாடகரும் களைப்பார். “உழைச்சுக் கேக்கிற பாட்டுத்தான் உடம்பிலை ஒட்டும்” என்று சண்டிலிப்பாயில் எங்கள் பக்கத்து வீட்டு வாத்தியார் சொல்லிக்கொள்வார். அவர் ஒருநாளும் மிதித்ததில்லை.

மாமா ஆசையம்மாவுக்கு நேரே மூத்தவர். கொழும்பில் படிக்கப் போனவர், எண்பத்திமூன்று கலவரத்தில் ஒரு கிற்றாரோடும் ஒற்றைச் செருப்போடும் திரும்பி வந்தார். “மற்றச் செருப்பைக் குடுத்துத்தான் உந்தக் கட்டையைக் காப்பாத்தியிருக்கிறான்” என்பார் அப்பா. கொழும்பில் மாமாவுக்கு ஒரு இசையின் மேல் பைத்தியம் பிடித்திருந்தது. சினிமாப் பாட்டுமில்லை, பொப் பாட்டுமில்லை. கிற்றார் அலறும், பாடுகிறவன் யாரையோ குறை சொல்வதுபோலப் பாடுவான். “வெள்ளைக்காரன்ரை வீட்டிலை சண்டை நடக்கிற மாதிரிக் கிடக்கு” என்று அம்மா சொன்னாள். மாமாவுக்கு அது பெரிய சந்தோசம். அதைத்தான் தமிழில் செய்யப்போகிறேன் என்றார்.

அவர் சேர்த்த குழுவுக்குப் பெயர் ‘கறள்’. இரும்பில் பிடிக்கிற கறள்தான். மாமாவோடு சேர்த்து மூன்று பேர். அளவெட்டியிலிருந்து ஒரு தவில்காரர் வந்தார். கோயிலுக்கு அடிக்கிற கையால் இதற்கு அடிக்கிறாரென்று அவருடைய வீட்டில் அவரோடு கதைப்பதை விட்டிருந்தார்கள். மற்றவர் அச்சுவேலிச் சந்தையில் சைக்கிள் சாமான் விற்ற அண்ணை. பலாப் பலகையில் நாலு கம்பி கட்டி ஒரு தடித்த கிற்றார் செய்திருந்தார். அதில் மிகத் தடித்த கம்பி பிறேக் வயர். மொத்தம் ஆறு பாட்டு. ஒன்றில் மண்ணெண்ணெய் வரிசையில் நிற்கிறவனின் நிழல் அவனை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடும். இன்னொன்றில் கிணறு ஒன்று ஊராரின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடும். வாயில் நிற்காத பாட்டுகள். ஆனால் தனியே குளிக்கும்போது முதுகுப் பக்கம் வந்து நிற்கும்.

பாட்டைப் பதிய அவர்கள் பிடித்த இடம் அப்பாவின் புகையிலைப் போறணை. புகையிலைக்குப் புகை போடுகிற மண்வீடு அது. யன்னல் கிடையாது, சுவர் முழம் தடிப்பு, உள்ளே நின்று கத்தினாலும் குரல் திரும்பி வராது. அதுதான் வேண்டும் என்றார் மாமா. நான் பிறக்க முந்தி ஒரு கூலிக்காரர் நெருப்புப் பார்க்க உள்ளே போய், கதவு சாத்திக்கொண்டு, மூச்சடைத்துச் செத்த இடமும் அதுதான். பட்டப்பகலிலும் நாங்கள் அந்தப் பக்கம் போகமாட்டோம்.

எல்லாம் இருந்தது, கசற் மட்டும் இல்லை. யாழ்ப்பாணத்துக் கடை ஒன்றிலும் புதுக் கசற் கிடையாது. மாமா எங்கள் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார்: “ஆர் ஒரு கசற் கொண்டு வருகினமோ, அவையின்ரை குரலும் பாட்டிலை வரும்.”

எனக்குப் பத்து வயது. என் குரல் ஒரு கசற்றில் இருக்கப்போகிறது என்ற நினைப்பில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கசற் எங்கே இருக்கிறதென்றும் எனக்குத் தெரியும்.

ஆசையம்மாவின் புருசன், எங்கள் சித்தப்பா, நாலு வருசத்துக்கு முந்தி ஏஜென்சிக்காரனைப் பிடித்து ஜேர்மனிக்குப் போனவர். அங்கே போனவர்கள் கடிதம் எழுதப் பஞ்சிப்பட்டால் கசற்றில் கதைத்து அனுப்புவார்கள். சித்தப்பாவிடமிருந்து வந்தது ஒரேயொரு கசற். வீட்டுக்கு ஆர் வந்தாலும் ஆசையம்மா அதைப் போட்டுக் காட்டுவாள். சித்தப்பா ஊரில் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிச் சுகம் விசாரிப்பார், எங்கள் மாட்டைக்கூட. ஒரு கட்டத்தில் அவர் தொண்டையைச் செருமுவார். அந்த இடத்தில் ஆசையம்மாவின் விரல் போய் நிற்பாட்டிவிடும். “மிச்சம் எனக்கெண்டு சொன்னது” என்பாள். பெண்கள் ஒருத்தரையொருத்தர் இடித்துச் சிரிப்பார்கள். “ஜேர்மன்காரி வெக்கப்படுறா” என்பார்கள். வாற தையில் கூப்பிடுவார் என்று ஒவ்வொரு தைக்கும் சொல்லி, ஒரு சூட்கேசும் வாங்கி வைத்திருந்தாள். ஒருநாள் அவள் தனியே, தானே மிதித்துக் கேட்பதைக் கதவு நீக்கலால் பார்த்தேன். அப்போதும் அந்தச் செருமலில் நிற்பாட்டினாள். ஆரும் இல்லாதபோதும் ஏன் நிற்பாட்டுகிறாள் என்று நினைத்தேன். பிறகு விளையாடப் போய்விட்டேன்.

அவள் கோயிலுக்குப் போன ஒரு காலையில் அலுமாரிச் சேலைகளுக்குக் கீழே கையை விட்டு, கசற்றை எடுத்துக்கொண்டு வெறும் பெட்டியை அப்படியே வைத்தேன்.

“உள்ளுக்கு என்ன கிடக்கு?” என்று மாமா கேட்டார்.

“பழைய பாட்டு. பள்ளிக்கூடத்திலை ஒரு பிள்ளை தந்தவ.”

“அப்ப அழிஞ்சால் பரவாயில்லை.”

போட்டுப் பார்க்கவும் ஒருவர் மிதிக்க வேண்டுமே, அதனால் போட்டுப் பார்க்கவில்லை. பதிவு இரண்டு பகல் நடந்தது. அச்சுவேலி அண்ணை தன் தடித்த கிற்றாரை மடியில் போட்டுக்கொண்டே மிதித்தார். பழைய புகையிலைத் தூசியில் இருமி இருமி அவருடைய கால் ஓயும், மாமா பாடிக்கொண்டே கண்ணால் வெருட்டுவார். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் “ஒண்டு, ரெண்டு, மூண்டு” சொன்னது நான். ஒவ்வொரு பாட்டும் முடிந்த பிறகு மாமா கசற்றை வெளியே எடுத்து, பேனையை ஓட்டைக்குள் விட்டு நாலைந்து சுற்றுச் சுற்றுவார். “அடுத்த பாட்டு முந்தினதின்ரை வாலைக் கடிக்கக் கூடாது” என்று காரணம் சொன்னார். அந்தச் சில சுற்று நாடாவில் முந்திப் பதிந்தது அழியாமல் அப்படியே கிடக்கும் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

கடைசிப் பாட்டு முடிந்த கையோடு போறணைக்குள்ளேயே போட்டுக் கேட்டார்கள். கேட்பதற்கு வேகமாக மிதித்தால் மாமா அணில்போலக் கீச்சிட்டார். பதியும்போது நாடா தளர்ந்து தளர்ந்து ஓடியதால், அதே தளர்வோடு மிதித்தால்தான் பாட்டுப் பாட்டாக வந்தது. அப்படி மிதித்தார்கள். முதற்பாட்டு முடிந்தது. இரைச்சல். பிறகு, இருட்டுக்குள், ஏதோ ஒன்று அடிவயிற்றிலிருந்து முனகியது. சொல் ஒன்றுமில்லை. இழுத்து இழுத்து, மூச்சு முட்டினவர் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடுவதுபோல. என் “ஒண்டு, ரெண்டு” வந்து அதை வெட்டியது. இரண்டாம் பாட்டு முடிய, திரும்பவும் முனகல்.

தவில்காரர் தவிலைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தவர், பிறகு எங்கள் படலையைத் தாண்டி உள்ளே வரவேயில்லை.

போறணைக்குள் செத்தவர் கசற்றில் முனகுகிறார் என்ற கதை ஒரு கிழமைக்குள் அளவெட்டிக்கும் போய்விட்டது. சனம் வந்தது. போறணையை விட்டு எங்கள் முற்றத்துக்குக் கொண்டுவந்து, பின்னேரங்களில் போட்டுக் காட்டினோம். ஆறு பாட்டும் ஓடும்போது வெற்றிலை போடுவார்கள், விலைவாசி கதைப்பார்கள். பாட்டு முடியும்போது வாயை மூடிவிடுவார்கள். “பாட்டை விட்டிட்டுப் பேயைப் போடு தம்பி” என்று ஒருவர் கேட்டார். ஒரு மனுசி ரேப் றெக்கோடருக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினாள். மாமா மூன்று வருசம் யோசித்து எழுதிய வரிகள் பேய் வரும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டிய சத்தமாகிவிட்டன. “என்ரை பாட்டையும் ஒருக்கால் கேளுங்கோவன்” என்று அவர் கேட்ட குரலை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது.

மூன்றாம் நாள், அந்தச் செத்தவரின் பெண்சாதி வந்தாள். பாட்டுப் பெட்டிக்குக் கிட்டச் சப்பாணி கட்டி இருந்தாள். முனகல் வந்ததும் தலையை ஆட்டினாள். “ஓம். அந்த மனுசன்தான். நித்திரையிலும் உப்பிடித்தான் மூச்சு விடுறவர்” என்றாள். அதிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் வந்தாள். முனகலுக்குப் பதில் சொல்லவும் தொடங்கினாள். “பசிக்குதோ?” என்று கேட்பாள். “பெட்டைக்குக் கலியாணம் முடிஞ்சுது” என்பாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

எனக்குப் பயம் பேயில் இல்லை. ஆசையம்மா அலுமாரியைத் திறந்து, வெறும் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, திரும்ப வைத்துப் பூட்டியதை நான் கண்டிருந்தேன். அடி விழும் என்று ஒரு கிழமை முதுகைக் கூனிக்கொண்டு திரிந்தேன். அவள் ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. சித்தப்பாவின் கசற்றைப் போடச் சொன்னவர்களிடம் “மிதிக்க ஆளில்லை” என்றாள். அதுவரை பாட்டுக் கேட்க எங்கள் முற்றத்துக்கு வராதவள், ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ வந்து செத்தவரின் பெண்சாதிக்குப் பக்கத்தில் இருந்தாள்.

அன்றைக்கு மிதித்தது நான். கெஞ்சி வாங்கிய முறை. அவ்வளவு சனம் பார்க்க எனக்குக் கால் நிற்கவில்லை. மாமா “ஆறுதலா, ஆறுதலா” என்று கத்தக் கத்த நான் பறந்தேன். நாலாம் பாட்டு அணிலாகி, வெளவாலாகி முடிந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள், ஆரோ பக்கத்தில் நின்று கதைப்பதுபோல, தெளிவான ஆண்குரல் ஒன்று வந்தது.

“…நான் இனித் திரும்பி வரமாட்டன். என்னைப் பாத்துக்கொண்டு இராதை. இஞ்சை எனக்கு—”

கீச்சிட்ட என் “ஒண்டு, ரெண்டு” மிச்சத்தை விழுங்கியது.

அந்தக் குரல் எங்கள் மாட்டைச் சுகம் விசாரித்த குரல். அந்தக் கசற் இதுதான் என்று இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிடும், திருடினது நான் என்றும் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்த ஆபத்து அவ்வளவுதான்.

சிரிப்பில் பலருக்குக் கேட்கவில்லை. ஆனால் பின்னால் நின்ற கடைக்காரர் கையை உயர்த்தினார். “பொறு, பொறு. உது பேயில்லை. உது எங்கடை ஆள் ஆரோ. தெரிஞ்ச குரல். திருப்பிப் போடு தம்பி. பிள்ளை, நீ உதே ஓட்டத்திலை மிதி, பாப்பம்.”

மாமா பேனையை விட்டு நாடாவைத் திருப்பினார். சனம் நெருங்கி வந்தது. செத்தவரின் பெண்சாதி, தன்னிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்பதுபோல, ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நான் பெடலில் காலை வைத்தேன். அப்போதுதான் ஆசையம்மா எழுந்து வந்து, அந்த ஓட்டம் சரியில்லை, இறங்கு என்றாள்.

நான் இறங்கினேன். அவள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை, தப்பினேன் என்று நினைத்தேன். இனி எவ்வளவு காலத்துக்கு அடியில்லை என்றுகூடக் கணக்குப் போட்டேன்.

ஆசையம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சீற்றில் ஏறினாள். மிதிக்கத் தொடங்கினாள். நாலாம் பாட்டின் கடைசி வரி சரியான குரலில் வந்து முடிந்தது. இரைச்சல் வந்தது. அவள் சனத்தைப் பார்க்கவில்லை, தன் காலையே பார்த்துக்கொண்டு ஓட்டத்தை இன்னும் கொஞ்சம் தளர்த்தினாள். குரல் கீழே, கீழே இறங்கி, சொல்லெல்லாம் உதிர்ந்து, கதவுக்கு அந்தப் பக்கத்து முனகலாயிற்று. கடைக்காரர் தலையைச் சொறிந்தார். செத்தவரின் பெண்சாதி பெட்டிப் பக்கம் சாய்ந்து, “நான் இஞ்சைதான் இருக்கிறன்” என்று அதற்குச் சொன்னாள். ஆசையம்மா கால் மாறாமல் மிதித்தாள். அன்றைக்குக் கசற் முடியும்வரை வேறொருவரையும் சைக்கிளில் ஏற விடவில்லை.