கோல்டிங்கில் பதிந்த குரல்

என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து ஏழு மாதம் ஆகிறது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நாங்கள் சொல்வதெல்லாம் விளங்குகிறது, திரும்பச் சொல்லத்தான் முடியவில்லை. கிரின்ஸ்டெட்டில் எங்கள் வீட்டுக்கு வந்து பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டேனிஷ் பெண், அவருடைய பழைய குரல் இருந்தால் போட்டுக் காட்டச் சொன்னாள். சிலருக்கு அது உதவுமாம். அதற்கென்ன, வீடு நிறைய வீடியோ கிடக்கிறதே என்று நினைத்தேன்.

ஒன்றிலும் அவர் குரல் இல்லை. எங்கள் வீடியோக்காரர்களை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கல்யாண வீடோ, மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீடோ, எதுவானாலும் பேச்சை முழுக்க அழித்துவிட்டுச் சினிமாப் பாட்டை ஏற்றிவிடுவார்கள். மனுசன் வாய் நிறையச் சிரித்துக் கதைக்கிறார், கேட்பதோ புல்லாங்குழல். அன்றைக்கு அப்படித்தான் வேண்டுமென்று நாங்களும் நின்றோம். போனிலும் ஒன்றுமில்லை. "வாறன்" என்று எழுதிவிட்டு வந்து நிற்கும் ஆள் அவர்.

பிறகுதான் அந்த ஐரிஷ் பாடகரின் சிடி நினைவுக்கு வந்தது. தனியாளாக ஒரு கிற்றாரோடு நாட்டுப்பாடல் பாடுகிறவர். தொழிற்சாலையில் இவரோடு வேலை செய்த டேனிஷ்காரர் ஒருவர் அந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்துவிட்டார். பாடகர் கோல்டிங்குக்கு வந்தபோது என்னையும் இழுத்துக்கொண்டு போய் முன்வரிசையில் இருத்தினார். கச்சேரியைச் சிடிக்காகப் பதிவு செய்தார்கள். சனம் மூச்சுவிடாமல் கேட்டது. கடலில் தொலைந்த மகனைப் பற்றிய பாட்டு முடிந்து கைதட்டலும் அடங்கியபோது, இவர் எழும்பி நின்று, "இன்னொருக்கா!" என்று கத்தினார். எங்கள் ஆட்களின் விழாக்களில் அப்படித்தானே கேட்போம். பாடகருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் விசயம் விளங்கிவிட்டது. சிரித்துக்கொண்டு திரும்பவும் பாடினார்.

சிடி வெளிவந்ததும், "என்ர குரலும் வந்திருக்கு" என்று இவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். வேலைக்குப் போகவர காரில் அதுதான். நான் ஏறினால் நிறுத்திவிடுவார். எனக்கு அந்தப் பாட்டுகள் பிடிக்காது என்பதால்தான் என்று இருந்துவிட்டேன். அவர் கத்தின வெட்கத்தில் நானும் அதை ஒருநாளும் கேட்டதில்லை.

காருக்குள் தேடி எடுத்து வந்து, காலைத் தேநீருக்குப் பிறகு போட்டேன். மகள் பக்கத்தில் இருந்தாள். பாட்டு முடிந்தது, கைதட்டல் ஓய்ந்தது. "இன்னொருக்கா!"

மகள் "அப்பா!" என்று துள்ளினாள். அவர் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே, சிடியில் அந்தக் குரலுக்கு மேலேயே ஒரு பெண் சீறினாள்.

"வாயை மூடிக்கொண்டு இருங்கோ! மானம் போகுது."

நான்தான். அப்படிச் சொன்னது எனக்கு நினைவே இல்லை. இத்தனை வருடமும் காரில் தனியே இருந்து இதையும் சேர்த்துத்தானே கேட்டிருப்பார்? ஒரு சொல் என்னிடம் சொன்னதில்லை. இனிச் சொல்லவும் மாட்டார்.

திரும்பிப் பார்த்தேன். நல்ல கையைத் தூக்கித் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"இல்லையப்பா, கத்துங்கோ," என்று அவர் காலடியில் குந்திக் கெஞ்சினேன். "எவ்வளவு வேணுமெண்டாலும் கத்துங்கோ. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

பாடகர் அதே பாட்டைத் திரும்பப் பாடி முடிக்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை.