தேன்மொழியின் போன் என் கையில் இருந்த பகல்

சனிக்கிழமை காலை பத்தே காலுக்கு எங்கள் விளையாட்டில் இருந்த காளைகள் எல்லாம் காணாமல் போயின. பத்து இருபதுக்கு முதல் போன் வந்தது.

"ஏனுங்க, சோமனூர்ல இருந்து ரங்கசாமி பேசறேனுங்க. என்ற மயிலைக்காளை எங்கீங்க? கட்டுத்தறில கயிறு மட்டும் கெடக்குதுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேலே, பதினான்கு பேர் வேலை செய்யும் சின்னக் கம்பெனி எங்களுடையது. 'வண்டித்தடம்' என்ற ஆன்லைன் விளையாட்டை நடத்துகிறோம். ஆடுகிறவர் ஒரு கன்றுக்குட்டியை எடுத்து, தினமும் தீவனம் வைத்து, நடை பழக்கி, பிறகு மற்றவர்களின் காளைகளோடு ரேக்ளா வண்டிப் பந்தயம் ஓட்ட வேண்டும். ஒரு காளை ஓட்டத்துக்குத் தயாராக நாலைந்து மாதம் ஆகும். அன்று மாலை ஆறு மணிக்குப் பெரிய பந்தயம் வைத்திருந்தோம். நான் அங்கே சப்போர்ட் மேசை. கோபமாக வரும் போன்களை எடுப்பது என் வேலை.

"நாலு மாசமாத் தவுடு வெக்கறேனுங்க" என்றார் ரங்கசாமி. "அந்த நேரத்துக்கு நெச மாட்டுக்கு வெச்சிருந்தா நெசப் பாலாச்சும் கறந்திருப்பேன்."

"காளைல எப்படீங்க பால் கறப்பீங்க?"

"பேச்சுல மட்டும் கொறைச்சலில்ல. வெசையாப் பாத்துச் சொல்லுங்க."

விசைத்தறிக்காரர். இருபத்திரண்டு வருடம் நான் பேசிப் பழகிய ஆட்கள் இவர்கள்தான். இந்தக் கம்பெனிக்கு வருமுன் தறி, நூல் மெஷின்களுக்கு சர்வீஸ் செய்யும் இடத்தில் போன் எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே கற்ற பழக்கம் ஒன்று உண்டு. தறி நின்றுபோனால் முதலாளி கேட்கும் முதல் கேள்வி, "ஆருங்க வாராங்க?" என்பது. "நம்ம பழனிச்சாமி வந்துட்டிருக்கானுங்க" என்று சொன்னால் பாதிக் கோபம் அடங்கிவிடும். பெயரைச் சொல்வது மரியாதை, அது ஒரு தைரியம். ஆள் இருக்கிறான், வேலை நடக்கிறது என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தோடுதான் இங்கேயும் வந்து உட்கார்ந்தேன்.

நடந்தது என்ன

தேன்மொழிக்கு இருபத்தாறு வயது. சர்வர் வேலை முழுக்க அவள் பொறுப்பு. சோதனைக்காக டெஸ்ட் சர்வரில் போட்டுவைத்த பொய்க் கன்றுகளை நீக்கும் 'ஸ்கிரிப்ட்' என்ற சின்ன நிரலை அன்று காலை ஓட்ட வேண்டியிருந்தது. அவள் திரையில் இரண்டு கறுப்பு ஜன்னல்கள் திறந்திருந்தன. ஒன்று டெஸ்ட், இன்னொன்று ஆட்கள் ஆடிக்கொண்டிருக்கும் லைவ். இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். லைவில் ஓட்டிவிட்டாள்.

நான் போய் நின்றபோது அவள் இரண்டு கைகளையும் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்திருந்தாள். முதலாளி கோகுல் தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். என் பழைய இடத்தில் இப்படி ஒன்று நடந்தால் முதலில் அந்த ஆளை மெஷினை விட்டுத் தள்ளி நிற்க வைப்பார்கள். அதைத்தான் எதிர்பார்த்தேன்.

"சர்வரை நானே நிறுத்தி வெச்சுட்டேங்க. வேற யாராச்சும் பாக்கட்டுங்களா?" என்றாள் தேன்மொழி.

"வேற யாருக்குத் தெரியும்? எந்த வரில என்ன போச்சுன்னு உங்களுக்குத்தான் தெரியும்" என்றார் கோகுல். "நீங்களே ஓட்டுங்க. அடிக்கறதுக்கு முன்னாடி நான் ஒவ்வொரு வரியையும் சத்தமாப் படிக்கறேன்."

முந்தின நாள் காலை ஆறு மணி வரைக்குமான பேக்கப் இருந்தது. அதற்குப் பிந்தைய ஒரு நாளின் கணக்கு பேக்கப்பில் இல்லை. ஆனால் யார் எப்போது தீவனம் வைத்தார்கள், எந்தக் கன்று பிறந்தது, எந்தக் காளை யாரை முந்தியது என்று ஒவ்வொன்றும் லாக் கோப்பில் வரிவரியாகப் பதிவாகியிருந்தது. அதை வரிசை மாறாமல் மறுபடி நடத்திக் காட்ட வேண்டும். ஒரு வரி இடம் மாறினாலும் பிறக்காத கன்று பந்தயம் ஓடிவிடும்.

ஆறு மணிக்குள் முடியுமா என்று யாருக்கும் தெரியவில்லை. முடியாவிட்டால் ஆட்கள் விட்டுப் போய்விடுவார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நான் செய்த தப்பு

பதினோரு மணிக்குப் பொள்ளாச்சியிலிருந்து ஒரு கொப்பரை வியாபாரி கூப்பிட்டார். நல்ல தன்மையான மனிதர். அவர் சத்தம்கூடப் போடவில்லை.

"ஆருங்க பாத்துட்டிருக்கறாங்க?"

வாய் தானாகச் சொல்லிவிட்டது. "நம்ம தேன்மொழிங்க. அது ஓட்டுன ஸ்கிரிப்ட்லதான் போச்சு. அதுவே சரி பண்ணிட்டிருக்குதுங்க. கெட்டிக்காரப் புள்ள, கவலப்படாதீங்க."

"சரீங்க, சாமி. நீங்க சொன்னாச் சரி" என்று வைத்துவிட்டார்.

பன்னிரண்டு மணி ஆகும்போது என் மகள் நிவேதா கூப்பிட்டாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருடம் படிக்கிறாள். படித்து முடித்ததும் விளையாட்டு எழுதும் கம்பெனிக்குத்தான் போவேன் என்று வீட்டில் தினமும் பேச்சு. எனக்கு அதில் ஏற்கெனவே பயம்.

"அப்பா, உங்க ஆபீஸ்ல தேன்மொழின்னு ஒரு அக்கா இருக்காங்களா?"

"ஏன் கண்ணு?"

"அவங்க போட்டோ போட்டு என்னென்னமோ எழுதறாங்கப்பா. போன் நம்பரும் போட்டிருக்காங்க. என் காலேஜ் குரூப் வரைக்கும் வந்திருச்சு. வாயில சொல்ற மாதிரி இல்ல."

வந்ததையெல்லாம் எனக்கு அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். வியாபாரி அந்தப் பெயரை ஆட்டக்காரர்கள் குரூப்பில் நல்லெண்ணத்தோடுதான் போட்டிருந்தார். 'தேன்மொழிங்கற புள்ள பாத்துட்டிருக்குதாம், பொறுங்க' என்று. அதற்குக் கீழே மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். யாரோ எங்கள் கம்பெனிப் பக்கத்திலிருந்து படத்தை எடுத்தார்கள். யாரோ நம்பரைத் தேடிப் பிடித்தார்கள்.

தேன்மொழியின் மேசைக்குப் போனேன். அவள் போன் மேசைமேல் நடுங்கிக்கொண்டே இருந்தது.

"அம்மணி, உம் பேரை வெளிய சொன்னது நான்தான்."

"தெரியுங்க சார். அவரு மெசேஜ்லயே 'சப்போர்ட்ல சொன்னாங்க'ன்னு இருந்துச்சு." திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இப்ப அதை நெனைக்க எனக்கு நேரமில்லீங்க. இந்தப் போனை ஆஃப் பண்ணவும் முடியாது. லைவ் சர்வருக்குள்ள போற ஓடிபி இந்த நம்பருக்குத்தான் வரும். நீங்க வெச்சுக்குங்க. ஓடிபி வந்தா நம்பரை மட்டும் படிங்க. அம்மா கூப்பிட்டா எடுங்க. மத்ததை என்கிட்டச் சொல்ல வேண்டாம்."

தன் பெயரைக் கொண்டுபோய்த் தெருவில் போட்ட ஆளின் கையிலேயே போனைக் கொடுத்தாள். அவளுக்குக் கோபம் இல்லாமலில்லை, கழுத்து நரம்பில் தெரிந்தது. ஆனால் அந்த நேரத்தில் கோபத்துக்கு இடம் ஒதுக்கவில்லை. அப்படி ஒரு ஒழுங்கை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கையில் போனோடு

வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். கழுவாத வாயில் வரும் வார்த்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் ஏறின. நடுநடுவே ஆறு இலக்க ஓடிபி. நான் எழுந்து போய் அந்த ஆறு எண்களை மட்டும் படித்துவிட்டுத் திரும்புவேன். அவள் "ம்" என்பாள். கோகுல் அடுத்த வரியைப் படிப்பார். நிவேதாவுக்கும் இவளுக்கும் நடுவில் ஆறேழு வயதுதான் வித்தியாசம் என்பது ஒவ்வொரு அதிர்விலும் நினைவுக்கு வந்தது.

ஒரு மணிக்கு 'அம்மா' என்று திரையில் வந்தது.

"ஆருங்க? என்ற புள்ள எங்கீங்க?"

"ஆபீஸ்ல சண்முகமுங்க. புள்ள வேலையா இருக்குது. நல்லா இருக்குதுங்க."

"பக்கத்து ஊட்டுப் பையன் போன்ல காட்டுனானுங்க. படத்தைப் போட்டு அசிங்க அசிங்கமா எழுதியிருக்கறாங்க." குரல் இறங்கியது. "ஏனுங்க, எம்புள்ள எதாச்சும் திருடிப்போட்டாளுங்களா?"

"இல்லீங்கம்மா. வேலைல ஒரு கைத்தப்பு. அதைச் சரி பண்ணிட்டுத்தான் இருக்குது. அது பேரை வெளிய சொன்ன ஆளு நானுங்க. தப்பு என்மேல."

அந்தம்மா அழுதார். திட்டவில்லை. பிறகு, "சோறு உண்டாளா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லீங்க."

"காப்பி குடுத்துப்போடாதீங்க. வெறும் வயித்துல குடிச்சா அவளுக்குத் தலவலி வந்துரும். மோர் வாங்கிக் குடுங்க."

கீழே பேக்கரியில் மோர் வாங்கி வந்து மேசையில் வைத்தேன். "உங்கம்மா சொன்னாங்க" என்றேன். ஒரு நொடி கை நின்றது. குடித்துவிட்டு மறுபடி அடிக்க ஆரம்பித்தாள்.

இரண்டு மணி சுமாருக்கு வந்த ஒரு செய்தியில் 'சோமனூர் ரங்கசாமி' என்று இருந்தது. காலையில் பால் கறக்கிற கதை பேசிய அதே ஆள். போனில் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டவர் எழுதியிருந்ததை இங்கே எழுத முடியாது. என் போனிலிருந்து அவரைக் கூப்பிட்டேன்.

"ரங்கசாமிங்களா? நீங்க அனுப்புனது இப்ப என் கையில இருக்குதுங்க."

"எதுங்க?"

"அந்தப் புள்ளைக்கு அனுப்புனது."

அவருக்குப் பின்னால் தறி ஓடும் சத்தம் கேட்டது. "எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டுட்டேனுங்க. அது நெசமாவே படிக்கும்னு நெனைக்கல."

"ஒண்ணு கேக்கறேன். உங்க தறி நின்னுபோச்சு. ஃபிட்டர் உள்ள கையை உட்டுட்டு வேலை செய்யறான். அப்ப அவனைத் திட்டுவீங்களா?"

"அதெப்படீங்க? கை நடுங்கி வேற ஒண்ணை ஒடைச்சுப்போடுவான். கைய வெளிய எடுக்கற வரைக்கும் மூச்சு உடமாட்டமுங்க."

"அந்தப் புள்ள கை இப்ப உள்ளதானுங்க இருக்குது."

தறிச் சத்தம் நின்றது. அவரே நிறுத்தியிருக்க வேண்டும். "சரீங்க" என்று மட்டும் சொல்லி வைத்தார். கால் மணி நேரத்தில் அவர் குரல் பதிவு குரூப்பில் வந்தது. அது சுற்றித் தன் காலேஜ் குரூப்புக்கும் வந்ததும் நிவேதா எனக்கு அனுப்பினாள். 'தறிக்குள்ள கை இருக்குது, எல்லாரும் வாயை மூடுங்கப்பா. நானும் கண்டதை எழுதிப்போட்டேன், அது என் தப்பு.' அதற்காக எல்லோரும் நிறுத்திவிடவில்லை. சிலர் அவரையும் திட்டினார்கள். ஆனால் போன் அதிர்வது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

நேற்று மறுபடி நடந்தது

மூன்றரைக்கு எல்லாம் தயார். தேன்மொழி பேக்கப்பை ஏற்றி, லாக்கை ஓடவிட்டாள். திரையின் ஓரத்தில் முந்தின நாளின் கடிகாரம் வேகமாக நகர்ந்தது. வெள்ளிக்கிழமை காலை ஆறு, ஆறு ஐந்து, ஆறு பத்து. யாரோ தீவனம் வைத்தார். யாரோ வண்டி பூட்டினார். மதியம் ஒரு செவலைக் கன்று பிறந்தது. அதற்கு ஏற்கெனவே பெயர் வைத்தாயிற்று, ஆனால் இப்போதுதான் மறுபடி பிறக்கிறது. நடந்து முடிந்த ஒரு பகல் அதே வரிசையில், அதே ஆட்கள் இல்லாமலேயே, எங்கள் கண்முன் நடந்துகொண்டிருந்தது.

ஒரு இடத்தில் சிவப்பாக ஒரு வரி வந்து நின்றது. ஒரே கன்று இரண்டு தடவை பிறந்திருந்தது. கோகுல் வரியைப் படித்தார். தேன்மொழி, "இன்னொரு தடவை படிங்க" என்றாள். மூன்றாவது தடவை படித்தபோது, "நெட் போய்ப் போய் வந்திருக்குது, அழுத்துனதையே ரெண்டு தடவை அழுத்தியிருக்கறாங்க" என்றாள். ஒன்றை விட்டுவிட்டு மேலே போகச் சொன்னாள். கடிகாரம் நகர்ந்தது.

ஐந்து இருபதுக்கு சனிக்கிழமை காலை பத்தே காலைத் தொட்டு நின்றது. காணாமல்போன ஆயிரக்கணக்கான காளைகளும் கட்டுத்தறிக்குத் திரும்பியிருந்தன. எனக்குத் தெரிந்த ஒரே பெயரைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். சோமனூர், ரங்கசாமி, மயிலை. கொம்பை ஆட்டிக்கொண்டு நின்றது. ஆறு மணிப் பந்தயத்துக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. கும்பிடத் தோன்றியது. மனிதர்கள் கை இப்படியும் வேலை செய்யும் என்று இத்தனை வயதில் தெரிந்துகொண்டேன்.

தேன்மொழி எழுந்து முகம் கழுவப் போனாள். வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. வந்தபோது கண் சிவந்திருந்தது. "போனைக் குடுங்க சார், அம்மாகிட்டப் பேசணும்" என்றாள்.

திங்கட்கிழமை

அவள் நம்பரை மாற்றிவிட்டாள். இப்போதும் எங்களோடுதான் வேலை செய்கிறாள். சப்போர்ட் மேசைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். யார் பார்க்கிறார்கள் என்று கேட்டால் என்ன வேலை நடக்கிறது என்று சொல்லுங்கள், எப்போது மறுபடி தகவல் தருவோம் என்று சொல்லுங்கள், ஆளைச் சொல்லாதீர்கள். சர்வர் நின்றுபோய்த் திட்டத் தோன்றும் ஆட்டக்காரர்களுக்கு ரங்கசாமி சொன்னதே போதும், நான் புதிதாக எதுவும் சேர்க்க வேண்டியதில்லை.

எனக்கு இது புரிந்தது திங்கட்கிழமைக் கூட்டத்தில். கோளாறு நடந்தால் எங்கள் ஆட்கள் அச்சடித்த ஃபார்மில் ஒரு அறிக்கை எழுதி எல்லோர் முன்னாலும் படிப்பார்கள். தேன்மொழிதான் எழுதியிருந்தாள், அவளே படித்தாள். இரண்டு ஜன்னல்களும் ஒன்றுபோல இருந்தன, இனி லைவ் ஜன்னல் சிவப்பாக இருக்கும். அழிக்கும் ஸ்கிரிப்ட்டை இனி இரண்டு பேர் சேர்ந்துதான் ஓட்ட வேண்டும். பிறகு நாலாவது வரி வந்தது. 'வேலை செய்பவரின் பெயர் சப்போர்ட் மேசையிலிருந்து வெளியே போனது. காரணம்: பெயர் கேட்டால் என்ன சொல்வது என்று மேசைக்கு நாம் சொல்லிக்கொடுக்கவில்லை.'

சனிக்கிழமையிலிருந்து இதற்குத்தான் காத்திருந்தேன். எழுந்து நின்றேன்.

"சொல்லிக்குடுக்காதது காரணமில்லீங்க, சொன்னது நான். அதுல என்ற பேரைப் போடு அம்மணி."

தேன்மொழி தாளைத் திருப்பி என் பக்கம் நீட்டினாள்.

"பேருக்குன்னு இந்த ஃபார்ம்ல கட்டமே இல்லீங்க சார்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். அவள் பெயருக்கும் இடமில்லை, என் பெயருக்கும் இடமில்லை. அவள் தாளை வாங்கிக்கொண்டு ஐந்தாவது வரியைப் படிக்க ஆரம்பித்தாள்.