ஐந்தருவியில் ஒற்றைக்கண் வானியல்

ஐந்தருவி டீக்கடை அக்காவுக்கு ஒரு கண்ணில் கட்டி. அதன் மேல் துணி கட்டியிருக்கிறார். ஊற்றுகிற டீயெல்லாம் கிளாசுக்கு வெளியே விழுகிறது.

"ஏட்டி, கையில ஊத்திக்கிடாத. நீ வீட்டுக்குப் போ, நான் பாத்துக்கிடுதேன்" என்கிறார் புருஷன். அருவி சீசனில் கடையை விட்டுப்போக அக்காவுக்கு மனமில்லை. கட்டாத கண் கலங்குகிறது.

தென்காசிப் பள்ளியில் நட்சத்திர தூரம் பற்றிப் பேச வந்து, அப்படியே அருவியில் குளித்துவிட்டு டீக்கு நிற்பவன் நான். ஆள் கிடைத்தால் விடுவேனா?

"ஒரே கண்ணு, ஒரே இடம்னா தூரம் பிடிபடாதுக்கா. வானியல்காரங்க ஒரு நட்சத்திரத்தைப் பார்ப்பாங்க. ஆறு மாசத்துல பூமி சூரியனுக்கு அந்தப் பக்கம் போனதும் திரும்பப் பார்ப்பாங்க. நல்லா நகர்ந்து தெரிஞ்சா கிட்ட இருக்கு, நகராட்டி ரொம்ப தூரம்."

"ஆறு மாசமா? டீ ஆறிரும் அண்ணாச்சி!"

"உங்களுக்குத் தலையை ஆட்டினாலே போதும். ரெண்டு இடத்துல இருந்து பார்த்த மாதிரி ஆயிரும்."

அக்கா இடமும் வலமுமாக ஆட்டுகிறார்.

"ஏட்டி, சாமி வந்துட்டுதா?" என்கிறார் புருஷன்.

ஈரத்துண்டோடு டீக்கு நிற்கும் நாங்கள் எல்லோரும் எதற்கென்று தெரியாமல் கூடவே ஆட்டுகிறோம். டீ நேராகக் கிளாசுக்குள் இறங்குகிறது.

முதல் கிளாசை அக்கா புருஷனிடமே நீட்டுகிறார். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி எங்கட்டி?" என்கிறார்.

அக்கா சிரித்துவிடுகிறார். சீனிக்கு வானியலில் வழியில்லாததால் நான் டப்பாவை எடுத்து நீட்டுகிறேன்.