பாட்டை நிறுத்திய ஞாயிறு

குழந்தை பிறப்பதற்கு முன் நான் கோவையில் ஒரு கிளப்பில் டிஜே. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இடைவெளியே விடமாட்டேன். ஆடுபவர்களை ஒரு நிமிடம்கூட நிற்க விடுவதில்லை என்று எனக்குப் பெருமை.

பாப்பாவுக்கு ஐந்து மாதம் ஆனபோது, ஒரு ஞாயிறு மதியம் மறுபடி பாட்டுப் போடக் கூப்பிட்டார்கள். சொதப்பினால் இனி கூப்பிட மாட்டார்கள் என்று தெரியும். கணவர் பாப்பாவோடு வெளியே காரில் இருந்தார். “நல்லாத் தூங்கறா அம்மணி. நீ பதறாம போ,” என்றார்.

நான் சரியாகத் தூங்கிப் பல வாரம் ஆகியிருந்தது. மூன்றாவது பாட்டின்போது ஹெட்போனுக்குள் பாப்பா அழுவது கேட்டது. என்னையறியாமல் ஒலியை முழுக்க இறக்கிவிட்டேன். ஆடிக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே நின்றது. அழுகை எதுவும் இல்லை. பயந்துபோய் ஒலியை ஏற்றினேன். எல்லோரும் கத்திக்கொண்டு குதித்தார்கள். சற்று நேரத்தில் மறுபடி அதே அழுகை. மறுபடி இறக்கினேன்.

என் நேரம் முடிந்ததும், இத்தோடு முடிந்தது என்று நினைத்தபடி மேடையிலிருந்து இறங்கினேன். மேனேஜர் ஓடி வந்தார்.

“ஏனுங்க மேடம், நடுவுல நடுவுல நிறுத்திப்போட்டீங்களே, புது ஸ்டைலுங்களா? கூட்டம் சொக்கிப்போச்சுங்க! அடுத்த வாரமும் இப்படியே போட்டுருங்க.”

“ஆமாங்க,” என்றேன். வேறென்ன சொல்வது?

காரில் பாப்பா கைகளை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். “ஒருக்காக்கூட அழுகுல,” என்றார் கணவர்.

இப்போது அந்த இடைவெளிக்காகவே சிலர் வருகிறார்கள். என் இசை பக்குவப்பட்டுவிட்டது என்கிறார்கள், நானும் தலையாட்டுகிறேன். பாட்டு எப்போது திரும்பும் என்று அவர்கள் காத்திருக்கும் அந்த நொடிகளில், நான் இன்னும் பாப்பாவின் அழுகைக்குத்தான் காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.