என் நோயைக் காட்டிக்கொடுத்த குமாரசாமி

வெகுதானிய வருஷம் ஆனி மாதம். பொழுது சாய்ந்தால் என்னால் ஒரு கவளம் சோற்றை விழுங்க முடியாது. காலையில் நன்றாக இருப்பேன். பண்பொழிக் கடைத்தெரு வரைக்கும் கேட்கிற குரல் எனக்கு. மத்தியானம் தாண்டினால் இமை இரண்டும் தொங்கும், தாடை ஓயும், பேச்சு மூக்கால் வரும், குடித்த கஞ்சியும் மூக்கு வழியாகவே திரும்பும். ஒரு நாள் புரையேறி மூச்சு நின்றே போயிற்று. செத்துப்போவேன் என்று பயந்தேன், அடியார்களே. அழக்கூட முகம் ஒத்துழைக்கவில்லை.

அத்தை, அதாவது என் மாமியார், நம்பவில்லை. "காலையில ஊரைக் கூட்டிப் பேசுதா. சாயங்காலம் அடுப்படிக்குக் கூப்பிட்டா மூஞ்சியத் தொங்கப் போடுதா. எல்லாம் நடிப்பு" என்பார்கள்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. டாக்டரும் அதையேதான் சொன்னார். நாங்களும் சஷ்டியாகப் பார்த்து, நான் மௌன விரதம் இருந்து, வண்டியில் படுத்தபடியே, நல்ல நேரத்தில் காலையிலேயே தென்காசிக்குப் போவோம். ஓய்வெடுத்த உடம்பு அவர் முன்னால் தெம்பாக நிற்கும். ஒன்றுமில்லை என்று டானிக் எழுதித் தந்துவிடுவார்.

திருமலைக் குமாரசாமியிடம் போய் நின்றேன். நோயைத் தீர் என்று எல்லாரும் கேட்பார்கள். நான் கேட்டது வேறு. "முருகா, தீர்க்கிறது அப்புறம் இருக்கட்டும். முதலில் இதை ஒரு மனுஷன் கண்ணில் காட்டு."

அந்த வருஷம் சாரல் நன்றாக விழுந்தது. பட்டணத்து நரம்பு டாக்டர் ஒருவர் குற்றாலத்தில் பங்களா எடுத்துத் தங்கியிருப்பதாக என் வீட்டுக்காரர் கேள்விப்பட்டார். சஷ்டியன்று வழக்கம்போல மௌனமாகப் புறப்பட்டேன். வாசலில் காவல்காரன் மறித்தான்.

"ஐயா அருவிக்குப் போயிருக்காவ. சீசனுக்கு வந்த இடத்துல யாரையும் பாக்க மாட்டாவ. போங்க, போங்க."

என் வீட்டுக்காரர் சாது. வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார்! எனக்கு வந்ததே கோபம்.

"எங்கன போவச் சொல்லுதே? நான் செத்தாத்தான் உங்க ஐயா பாப்பாவளோ?"

"ஏட்டி, விரதம்லா! வாய மூடு" என்று அவர் பதறினார்.

யார் கேட்டது? கத்தினேன். கத்தக் கத்தக் குரல் மூக்குக்குப் போயிற்று, இமை விழுந்தது. தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு திட்டினேன்.

ஈரத் துண்டோடு ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். டாக்டர்தான். "நிறுத்தாதீங்கம்மா. இன்னும் பேசுங்க" என்றார். பிறந்ததிலிருந்து என்னிடம் அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான்!

பேச்சு வெறும் காற்றாகிற வரை பேசவிட்டு, உள்ளே படுக்க வைத்தார். கொஞ்ச நேரத்தில் குரல் திரும்பியது.

"இது நடிப்பில்ல. நரம்பு கட்டளை அனுப்புது. அது தசைக்குக் கைமாறுற இடத்துலதான் கோளாறு. மதகு திறந்தும் கடைமடைக்குத் தண்ணி எட்டாத மாதிரி. ஓய்வெடுத்தா கொஞ்சம் எட்டும், வேலை செஞ்சா வத்திடும்" என்றார். புதிதாக ஓர் ஊசி மருந்து வந்திருக்கிறதாம். பட்டணத்திலிருந்து ரயிலில் வரவழைத்தார்.

விரதத்தை முறித்தது என் வாய் என்று ஊரில் சொன்னார்கள். முறித்தவன் அந்த முருகன்தான். எனக்குச் சந்தேகமே இல்லை.

ஓர் அந்திப் பொழுதில் ஊசி போட்டார்கள். சற்று நேரத்தில் இமைகள் மெல்ல ஏறின. என் வீட்டுக்காரர் முகம் முழுசாகத் தெரிந்தது, அழுதுகொண்டிருந்தார். அத்தை சோறு பிசைந்து ஊட்டினார்கள். மென்றேன். விழுங்கினேன். "இன்னொரு வாய் வாங்கிக்கோட்டி. தெரியாமப் பேசிட்டேன்" என்று அத்தையும் அழுதார்கள்.

நோய் அடியோடு போகவில்லை, மறைக்காமல் சொல்கிறேன். மருந்தின் வேகம் சில மணி நேரம்தான். மறுபடி போட வேண்டும். இருக்கட்டுமே! அவன் கொடுத்த மணி நேரமெல்லாம் எனக்குப் போதும்.

உங்கள் வீட்டிலும் யாராவது அந்தியில் ஓய்ந்து விழுந்தால் நடிப்பென்று தள்ளாதீர்கள். அந்த அந்தியிலேயே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். குமாரசாமியிடம் மனசில் உள்ளதை அப்படியே கேளுங்கள். அவன் கேட்பான். நேற்று விளக்கு வைத்த பிறகு அத்தை முறுக்குச் சுட்டார்கள். முதல் முறுக்கைக் கடித்தவள் நான்தான்.