நண்பர் பண்ணையில் கோழி சாகிறது

கோழி வைத்தியத்தில் ஒரு சௌகரியம், நோயாளி வாயைத் திறந்து பொய் சொல்லாது. அந்த வேலையை நோயாளியின் முதலாளி பார்த்துக்கொள்வார். நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் முட்டைக் கோழிப் பண்ணைகளுக்கு டாக்டராக அலைகிற நான், ஒரு நாள் புத்தி கெட்டுப்போய்ப் பண்ணையாளர்களுக்கென்று வாட்ஸ்அப் குழு ஒன்றை ஆரம்பித்தேன். ஒருவர் பட்ட பாட்டை அடுத்தவர் தெரிந்துகொண்டால் அவருடைய கோழியாவது பிழைக்குமே என்ற நப்பாசைதான். ஏதாவது ஒரு குழுவுக்கு அட்மினாக இருந்து அவதிப்படும் சக பாவிகளே, மேற்கொண்டு என்ன நடந்திருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், எனக்கும் மனசு ஆற வேண்டாமா?

ரோஜாப்பூக்கள்

விடிந்தால் போதும். ரோஜாப்பூ, ஆவி பறக்கும் காப்பி, மயிலோடு முருகன், யாரோ ஒரு குழந்தை கைகூப்பிக்கொண்டு நிற்கும் படம். அதற்கு நடுவே ஒரு நாள் வசந்தாமணி என்பவர், "கோழி ஒன்றையொன்று கொத்துகிறது, என்ன செய்வது?" என்று கேட்டிருந்தார். ஜேடர்பாளையம் பக்கம் புதிதாகப் பண்ணை வைத்தவர். கணவர் சங்ககிரியில் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வடநாட்டில்தான். இந்த முதல் தொகுதிக் கோழிகள் நல்லபடியாக முட்டை வைத்துவிட்டால் அவர் லாரியை விட்டு இறங்கிவிடுவார் என்பது வீட்டில் பேச்சு. அந்தம்மாவின் கேள்வி பூக்களுக்கு அடியில் புதைந்துபோய், நான் பார்த்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. அதற்குள் பல கோழிகளுக்கு முதுகில் தோலே இல்லை.

தயவுசெய்து காலை வணக்கம் போடாதீர்கள் என்று குழுவில் கெஞ்சினேன். குழுவிலேயே பெரிய பண்ணைக்காரரான பழனிச்சாமி உடனே போன் பண்ணினார். அவருக்கு மனசு ரொம்பவும் புண்பட்டிருந்தது.

"ஏனுங்க டாக்டர், காலையில மூஞ்சியப் பாத்தா ஒரு கும்புடு போடறதில்லீங்களா? நான் பூவு போட்டா கோழிக்கு என்னங்க கேடு?"

நண்பரின் பண்ணை

எங்கள் குழுவில் யார் பண்ணையிலும் இதுவரை ஒரு கோழிகூடச் செத்ததில்லை. சாவதெல்லாம் நண்பர் பண்ணையில்தான். "ஒரு நண்பருக்காகக் கேட்கிறேன்" என்றுதான் ஒவ்வொரு கேள்வியும் ஆரம்பிக்கும். காரணம் இல்லாமல் இல்லை. பண்ணையில் நோய் என்று பேர் வந்துவிட்டால் வியாபாரி முட்டை எடுக்க யோசிப்பார். அப்புறம் நோய் தீர்ந்தாலும் பேச்சு தீராது.

பழனிச்சாமியும் ஒரு முறை நண்பருக்காகக் கேட்டார். சோர்ந்து உட்கார்ந்திருக்கும் கோழியைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். கோழிக்குப் பின்னால் சுவரில் பண்ணையின் பெயர் பெரிய எழுத்தில், பச்சைப் பெயிண்டில். அவருடைய மகள் பெயரில் இருக்கும் அவருடைய பண்ணை. தனியாகக் கூப்பிட்டு, நோகாமல் விஷயத்தைச் சொன்னேன். மனிதர் கொஞ்சமும் அசரவில்லை.

"அவனும் என்ற புள்ள பேரையேதானுங்க வெச்சிருக்கறான்."

குரல் மருந்து

யாரென்றே தெரியாத ஒருவரின் குரல் ஒரு நாள் குழுவுக்குள் வந்து இறங்கியது. சின்ன வெங்காயத்தை அரைத்துக் குடிதண்ணீரில் கலந்தால் கோழிக்கு எந்த வியாதியும் வராதாம். டாக்டர்கள் இதை மறைக்கிறார்களாம். குழுவே எழுந்து நின்று கைதட்டியது. வெங்காயம் ஏன் தடுப்பூசி ஆகாது என்று நான் அரை நாள் உட்கார்ந்து எழுதிப் போட்டதற்கு ஒரு கட்டைவிரல்கூட விழவில்லை. வசந்தாமணி மட்டும், "அப்போ தடுப்பூசி எப்போ போடணும்?" என்று கேட்டிருந்தார். மற்றவர்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்திருப்பார்கள். பழனிச்சாமியிடம் வாய்விட்டே அழாத குறையாகப் புலம்பினேன்.

"நீங்க சொல்றது நெசமாத்தானுங்க இருக்கும், டாக்டர். ஆனா அவுரு சொல்றது நெம்ப நல்லா இருக்குதுங்களே."

ஆன்லைன் கூட்டம்

எழுத்து வேண்டாம், நேருக்கு நேர் பேசலாம் என்று போனிலேயே ஆன்லைன் கூட்டம் வைத்தேன். எல்லாருடைய கேமராவும் இருட்டு. சந்தேகம் கேளுங்கள், கேளுங்கள் என்று நான் ஏலம் விடாத குறை. கடைசியில் வசந்தாமணி குரல் கேட்டது. "முட்டை வண்டியில வர்ற அட்டைங்க ஊரெல்லாம் சுத்தித்தானே நம்ம பண்ணைக்குள்ள வருது. அதுல சீக்கு வராதுங்களா?"

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. முட்டை அடுக்கும் அட்டையில் ஒரு பண்ணையின் எச்சம் அடுத்த பண்ணைக்குப் போவதையும், வண்டியைக் கேட்டிலேயே நிறுத்தவேண்டியதன் அவசியத்தையும் மூச்சுவிடாமல் சொன்னேன். கூட்டம் முடிந்ததும் வழக்கம்போல ஆளாளுக்குத் தனியாகக் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்டார்கள். இதையே கூட்டத்தில் கேட்டிருக்கக் கூடாதா என்றேன் பழனிச்சாமியிடம்.

"பொதுவுல கேட்டா, இவன் பண்ணையில என்னமோ ஆயிப்போச்சுன்னு பேசுவாங்கல்லங்க? அந்தம்மா புதுசு. அதுக்கு வெவரம் பத்தல."

வெள்ளைக் கழிச்சல்

அப்புறம் நிஜமாகவே நோய் வந்தது. கழுத்து முறுக்கிக்கொண்டு, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கூண்டு கூண்டாகக் கோழி சாய்ந்தது. பரமத்தி ரோட்டில் ஒரு பண்ணை, அதைத் தாண்டி இன்னொன்று. எல்லாம் ஒரே முட்டை வண்டி போகிற தடம். ஒவ்வொருவரும் என்னிடம் தனித்தனியாகச் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள், வெளியில் சொல்லக் கூடாது என்று. அதே சமயம் குழுவில் அவர்களே மயில் முருகன் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

யார் பெயரும் சொல்லாமல், "நம் பகுதியில் வெள்ளைக் கழிச்சல் இருக்கிறது, முட்டை வண்டியை உள்ளே விடாதீர்கள்" என்று எழுதினேன். யாருடைய பண்ணை என்று கேட்டார்கள். சொல்ல முடியவில்லை. அப்படியானால் சும்மா சொல்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வண்டி வழக்கம்போல உள்ளே போய் வந்தது. பழனிச்சாமிதான் போனில் விவரம் சொன்னார்.

"மருந்துக் கம்பெனிக்காரங்களோட சேந்துக்கிட்டு டாக்டர் பயங்காட்டறாருன்னு பேசிக்கறாங்க. நான் சொல்லலீங்க."

ஒரே ஒரு பதிவு

வசந்தாமணியின் பண்ணையில் இரண்டு கொட்டகை. ஒன்றில் நோய் நுழைந்துவிட்டது. நான் போய்ப் பார்த்துச் சொன்னேன். மற்றவர்களைப் போல என்னிடம் சத்தியம் கேட்கவில்லை. போனை எடுத்துச் செத்த கோழிகளைப் படம் பிடித்தார். "இது என் பண்ணை. வெள்ளைக் கழிச்சல்னு டாக்டர் சொல்லிட்டார். முட்டை வண்டியையும் அட்டையையும் யாரும் உள்ளே விடாதீங்க" என்று என் கண்ணெதிரிலேயே குழுவில் போட்டார். யோசித்துச் செய்யுங்கள் என்று எனக்கு வாய்வரை வந்தது. சொல்லவில்லை, ஏனென்றால் இந்த ஒரு பதிவுக்காகத்தான் நான் குழுவே ஆரம்பித்தேன்.

அன்று முழுக்கக் குழுவில் ஒரு சத்தம் இல்லை. ஆனால் அந்தத் தடத்தில் எல்லாப் பண்ணையிலும் கேட்டைச் சாத்திவிட்டார்கள். நோய் அத்தோடு நின்றது. பதிவும் படமும் மட்டும் நிற்காமல் வியாபாரிகளின் குழுக்களுக்குப் போய்ச் சேர்ந்தன. நோயே எட்டிப் பார்க்காத இரண்டாவது கொட்டகை முட்டையையும் தொட ஆள் வரவில்லை. முட்டை அழுகியது. அந்தக் கோழிகளையும் கறிக்கு வந்த விலைக்குத் தள்ளவேண்டியதாயிற்று. கணவர் மறுபடி வடநாட்டுக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனார்.

பழனிச்சாமி என்னைக் கூப்பிட்டார். அந்தம்மா சொன்னதால்தான் தன் பண்ணை தப்பியது, அது கோயில் கட்டிக் கும்பிடவேண்டிய பொம்பளை என்று உருகினார். அதையே குழுவில் இரண்டு வரி எழுதுங்கள், அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும், வியாபாரிகளும் இறங்கி வருவார்கள் என்று மன்றாடினேன்.

"அப்பிடி எழுதுனா, என்ற பண்ணைக்கும் சீக்கு வந்து தப்பிச்சிருக்கறன்னு நெனைச்சுப்போடுவாங்களே, டாக்டர். மனசுக்குள்ள கும்புட்டுக்கறனுங்க."

வெளியேறினார்

மறுநாள் ரோஜாப்பூக்களுக்கு நடுவே, வசந்தாமணி வெளியேறினார் என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அதற்குக் கீழே இன்னொரு ரோஜாப்பூ. நேரில் போனேன். காலிக் கொட்டகையில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். நண்பருக்காக என்று சொல்லாமல் குழுவில் கேள்வி கேட்ட ஒரே ஆள் நீங்கள்தான், திரும்பி வாருங்கள் என்றேன். அவர் கோபப்படவே இல்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சுண்ணாம்பு அடிக்கும் மட்டையை வாளியில் வைத்துவிட்டு, எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"கத்துக்கலாம்னுதானுங்க குரூப்புல சேந்தேன். கத்துக்கிட்டனுங்க, டாக்டர்."

வாட்ஸ்அப் குழுவில் யாராவது உருப்படியாக எதையாவது கற்றுக்கொண்டார்களா என்று கேட்பவர்களிடம், இருப்பவர்களை விட்டுவிட்டு வெளியேறியவர்களைப் போய்க் கேளுங்கள் என்றுதான் நான் இப்போது சொல்கிறேன்.