சாதிக் பெயரை நீக்கிய நாள்

நான் கூத்தாநல்லூரில் அங்கன்வாடி டீச்சர். வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வீடு வீடாகப் போகும் வேலையும் எனக்கு உண்டு. அதில் நான் தயங்கி நுழையும் வீடு ஜைனம்பு அம்மாவுடையது. குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போன ஒரே மகன் சாதிக்கிடமிருந்து பல வருடங்களாகப் போன் இல்லை. "பேரை மட்டும் எடுத்துடாதீங்க டீச்சர், வந்துடுவான்" என்பார். நானும் பேரை எடுக்காமல் திரும்பிவிடுவேன்.

உள்ளாட்சித் தேர்தலுக்கு முன் போனபோது, நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்: "சாதிக் பேரை எடுத்துடுங்க."

பட்டியலைத் திறக்காமலே கேட்டேன்: "ஏதாவது தகவல் வந்துச்சாம்மா?"

"ஒண்ணும் வரல. இனிமே என்னால முடியல."

நீக்குவதற்குக் காரணம் எழுத வேண்டும். கேட்கவே நாக்கு கூசியது. "இறந்துட்டார்னு போடணும், இல்லன்னா இடம் மாறிட்டார்னு போடணும். எதைம்மா போட?"

"உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க டீச்சர். அது தெரியாமத்தானே இத்தனை வருஷமா உக்காந்திருக்கேன்."

'இடம் மாறிவிட்டார்' என்று எழுதினேன். அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் பெயரை விட்டுவைத்ததே நான் செய்த உதவி என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போது அந்தத் தெருவில் சாதிக் வருவான் என்று பார்த்திருப்பது நான் ஒருத்திதான்.